யாருக்குப் போதும்?

அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இறுதியாண்டு வீராங்கனைகளுக்கென்று நட்சத்திர ஆட்டம் வேண்டாம், தேசியப் போட்டியே போதும் என்கிறார்கள். யாருக்குப் போதும்? 2024 இறுதியாட்டத்தைச் சுமார் 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்துக்குக்கூட அத்தனை பேர் இல்லை. அதில் ஆடிய கெய்ட்லின் கிளார்க்குக்கு இன்னொரு மேடை தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2024-இல் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 340-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, தேசியப் போட்டிக்குள் நுழைந்தவை 68 மட்டுமே. மற்ற அணிகளின் இறுதியாண்டுப் பெண்களில் பெரும்பாலோர் மார்ச்சிலேயே வீடு திரும்புகிறார்கள். அவ்வாண்டு பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் வீராங்கனைத் தேர்வில் இருந்த இடங்களோ வெறும் 36. வலுவான அணிகளோடு மோதும் வாய்ப்பே அதிகம் கிடைக்காத ஒருத்தியை எதை வைத்து எடைபோடுவார்கள்?

ஆண்களுக்கு இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டார்கள். வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் நகரில் இறுதியாண்டு வீரர்களுக்கென்றே ஒரு போட்டி 1953-லேயே தொடங்கிவிட்டது. அதைத் தேவையற்றது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நட்சத்திர ஆட்டத்தில் காயம் ஏற்படும் என்ற அச்சம் நியாயமானதுதான். அஞ்சுபவர் அழைப்பை மறுக்கட்டும். காப்பீடும் ஊதியமும் கேட்கட்டும், கொடுத்தே ஆக வேண்டும். ஆடத் துடிப்பவளை மட்டும் தடுக்காதீர்கள்.