ரயில் நிலையக் கூட்டம் எதற்குச் சாட்சி?

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டின் ரயில் நிலையங்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு குவிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்ற காணொலிகளும் அதே நாள்களில் வாட்ஸ்அப்பில் பரவின. இரண்டையும் பார்த்தவர்கள், உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். பிஹார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அந்த அரசு ஓர் அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது.

கூட்டம் உண்மை. காணொலியில் தெரிந்த வன்முறையும் உண்மை. ஆனால், ஒன்று பிஹார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்தது என்று அன்றைய தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். மற்றொரு காட்சி, ராஜஸ்தானின் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்டது. கூட்டத்துக்கோ வேறு காரணம் இருந்தது: மார்ச் 8 ஹோலி. தீபாவளிக்கு முன் சென்னையிலிருந்து கிளம்பும் ரயில்களைப் பார்த்த நமக்கு, பண்டிகைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதில் என்னை அதிகம் கலங்க வைப்பது அடுத்து நடந்ததுதான். காணொலியை நம்பிய பெற்றோர் பதறிப்போய் பிள்ளைகளை ஊருக்கு அழைத்தார்கள். பண்டிகைக்குப் போகும் எண்ணமே இல்லாதவர்களும் ரயிலேறினார்கள். தவறான முடிவு தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அதன் பிறகு, 'பாருங்கள், ஓடுகிறார்கள்' என்று சொன்னவரை மறுப்பது எவ்வளவு கடினம்!

தாக்குதலே நடக்காமல் இருந்தாலும் இந்தக் கூட்டம் இங்கே நின்றிருக்குமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கலாம். நிற்கும் என்றால், கூட்டம் எதையும் நிரூபிக்கவில்லை. நடைமேடையில் நின்ற செய்தியாளர், 'திரும்பி வர டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?' என்று நாலு பேரிடம் விசாரித்திருந்தாலே நிலவரம் ஓரளவு புரிந்திருக்கும்.

பிஹாரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத்தவர் சிலர் உள்ளூர்க்காரர்களை விரட்டும் காணொலி நம் கைப்பேசிகளில் ஓடியது. கடையருகே எழுந்த ஒரு தகராறு என்று போலீஸார் தெரிவிப்பதற்குள், வந்தவர்கள் ஊரையே பிடித்துக்கொண்டார்கள் என்று இங்கே தீர்ப்பெழுதியாகிவிட்டது. ஒரு தகராறிலிருந்து லட்சக்கணக்கானவர்களின் குணத்தை முடிவுசெய்தவர்கள் நாமும்தான்.

ஹோலிக்கு முந்தைய வாரம் திருப்பூரிலும் கோவையிலும் எத்தனை பேர் ரயிலேறுகிறார்கள் என்ற கணக்கை ரயில்வே ஆண்டுதோறும் வெளியிடலாம். அடுத்த வதந்தி கிளம்பும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்ணாவது கையில் இருக்கும்.