ஐம்பாலும் மஞ்சள் நூலும்

மழலையர் வகுப்புகளில் முடி ஒட்டும் விளையாட்டு ஒன்று நடைபெறுகிறது. அச்சிட்ட முகம் ஒன்றைக் கொடுத்து, அதன் தலையில் கம்பளி நூலை ஒட்டச் சொல்கிறார்கள். பிஞ்சு விரல்களுக்கு நல்ல பயிற்சி. அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் செங்கல்பட்டுப் பிள்ளைகளின் கையில் மஞ்சள் நூல் எதற்கு என்றே கேட்கிறோம். சுருட்டைமுடிச் சிறுமிக்கும், திருப்போரூர் முருகனுக்கு மொட்டையடித்து மறுநாள் வகுப்புக்கு வரும் சிறுவனுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. மொட்டையைத் தட்டிச் சிரிக்கும் வகுப்பில் அவன் எதைக் கற்பான்?

குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி எனக் கூந்தல் ஒப்பனையை ஐந்தாகப் பகுத்து ‘ஐம்பால்’ என்றது நம் மொழி. மூன்று வயதுக்கு அச்சொல் வேண்டியதில்லை. தேங்காய் நார் போதும். உதிர்த்தால் பரட்டை, முறுக்கினால் சடை, மூன்று புரியாக்கினால் பின்னல். களிமண் தலையில் செருகினால் குடுமி. செருகாது விட்டால் மொட்டை. அதுவும் அழகுதான்.

சற்று வளர்ந்த பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லலாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் சடைமுடித் தவசியைக் காட்டலாம். அவ்வூரிலேயே தனிக்கல்லில் வடித்த குரங்குக் குடும்பமும் உண்டு: குட்டிக்குப் பாலூட்டுகிறது மந்தி, அதன் தலையில் பேன் பார்க்கிறது கடுவன். பேன் என்றதும் ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைக்கும் ஆசிரியர்கள் முதலில் அதைக் காணட்டும். (சீப்பை மட்டும் வகுப்பில் பொதுவாக வைக்க வேண்டாம்.)