ஸ்பிரிங்குக்கு எப்போது விதி?

ஜனவரி 9, 2019 அன்று வாகன மாற்றங்கள் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, கேரளத்திலிருந்து போன வழக்குதானே என்று நம்மில் பலர் சும்மா இருந்துவிட்டோம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவைப் படித்த பிறகு அப்படி இருக்க முடியாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர் லோயரிங் ஸ்பிரிங் பெட்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்று கேட்டு எழுதுகிறீர்கள்.

சாலையில் ஓடும் வண்டிக்கு இப்போதைக்கு மாட்டாதீர்கள். இதுதான் இந்த இதழின் நிலைப்பாடு. ஆர்.சி.யில் தரை இடைவெளிக்குக் கட்டமே இல்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். தீர்ப்போ தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது. கட்டம் இல்லாததை நம்பி வாடிக்கையாளரைக் கோர்ட்டுப் படி ஏற்ற வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை, கரி ஸ்பீட்வே பந்தயத் தடங்களுக்கு டிரெய்லரில் போகும் டிராக் வண்டியின் கதை வேறு.

அந்த டிராக் வண்டிக்கும், எத்தனை மில்லி இறங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு மூலையில் ஸ்பிரங் மாஸ் 400 கிலோ, வீல் ரேட் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் அதிர்வெண் 1.38 ஹெர்ட்ஸ். 25 மில்லி இறக்கினால் பம்ப் டிராவலில் அவ்வளவும் போச்சு. அதை ஈடுகட்ட ரேட்டை 37.5 ஆக்கினால் 1.54 ஹெர்ட்ஸ். ஸ்டாக் டேம்பரின் ரீபவுண்ட் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதை முதலில் பாருங்கள். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் ரோல் சென்டர் புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கும். ரேட் ஏறாமல் உயரம் மட்டும் குறைந்தால் வண்டி முன்பைவிடக் கூடுதலாகச் சாயலாம். ஜாக்கியில் தூக்கி, ஸ்ட்ரட் முழுதாக நீண்டு தொங்கும்போது காயிலைக் கையால் திருகிப் பாருங்கள். சீட்டில் லூசாகச் சுழன்றால் அந்த செட் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்கையும், காஸ் கட்டரால் ஒரு சுற்று நறுக்கிய ஸ்பிரிங்கையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. நாம் ஓயாமல் சொல்லிவரும் குறை இதுதான். ஆறு ஆக்டிவ் காயிலில் ஒன்றை வெட்டினால் ரேட் 20 சதவீதம் ஏறும். யாரும் கணக்குப் போட்டு ஏற்றியதல்ல அது. வெட்டிய முனை சீட்டில் சரியாக உட்காராது. தீ பட்ட இடத்தில் கம்பியின் டெம்பர் போய்விடும். இடம் போதவில்லை என்று பம்ப் ஸ்டாப்பையும் பாதியாக அறுப்பார்கள். பிறகு பள்ளத்தில் விழும்போதெல்லாம் டேம்பருக்குள் இரும்போடு இரும்பு மோதும். ஆனால் நறுக்குகிறவர் பில் தருவதில்லை. பார்ட் நம்பர் எழுதி, ஜிஎஸ்டி போட்டு, அலைன்மென்ட் தாளையும் பின் அடித்துக் கொடுக்கிறாரே, அவருடைய பில்தான் நாளைக்கு வாடிக்கையாளருக்கு எதிரான சாட்சி. ஒழுங்காகத் தொழில் செய்பவன் மாட்டுவான், ஒளித்துச் செய்பவன் தப்புவான் என்றால் இந்தச் சட்டம் யாருடைய பாதுகாப்புக்கு?

வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாற்றங்களுக்கான விவரக்குறிப்பு, ஒப்புதல் நிபந்தனை, ரெட்ரோஃபிட் ஆகியவற்றை மத்திய அரசு வகுக்கலாம், அந்த மாற்றத்தால் வாரண்டி செல்லாமல் போகாது என்று அதே திருத்தச் சட்டம் 52ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. சிஎன்ஜி கிட்டுக்கு ஒப்புதல் முறை உண்டு. மின்கிட்டுக்கு ஏஐஎஸ்-123 உண்டு. எரிவாயுத் தொட்டியையும் பேட்டரியையும் சோதித்துச் சான்று தர முடிகிறவர்களுக்கு நான்கு ஸ்பிரிங்கைச் சோதிக்க என்ன தயக்கம்? ஜெர்மனியில் ஐபாக், எச் அண்ட் ஆர் செட்டுகளோடு சோதனை அறிக்கை வருகிறது. எந்த மாடல், எவ்வளவு அச்சுச் சுமை, எந்த வீல் என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்பிரிங்கில் பொறித்த எண்ணை அதோடு ஒப்பிட்டு, மாட்டியிருப்பதைப் பரிசோதகர் பார்த்துச் சான்று தந்தால் வேலை முடிந்தது. நம் ஊரிலும் ஓரகடத்தில் ஜிஏஆர்சி வாகனச் சோதனை மையம் இருக்கிறது. இடமும் கருவியும் இருக்கின்றன. உத்தரவு போடத்தான் ஆளில்லை.

25 மில்லி இறக்கினால் அடிபடும் என்று நமக்குப் பாடம் நடத்தும் அதிகாரிகள், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையை எந்தத் தெருவில் போட்டிருக்கிறார்கள்? கம்பெனி உயரத்திலேயே வயிறு உரசும் கார்கள் நம் லிஃப்டில் தினமும் ஏறுகின்றன. அந்தச் சேதத்துக்கு எந்தப் பிரிவில் அபராதம்?

கோபத்தோடு நிற்காமல் செய்ய வேண்டியதைச் செய்வோம். ரேட், ஃப்ரீ லெங்த், பிளாக் லெங்த், அனுமதித்த அச்சுச் சுமை ஆகிய நான்கும் அச்சிட்ட சோதனைச் சான்று, அதை ஆர்.சி.யில் பதிய ஒரு கட்டம். பட்டறைச் சங்கங்கள் 52ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி அமைச்சகத்திடம் இதை எழுத்தில் கேட்கட்டும். ஏற்கெனவே நாம் இறக்கிக் கொடுத்த சாலை வண்டிகளை அழைத்து, ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கூலி வாங்காமல் மாட்டிக் கொடுங்கள். கழற்றிய செட்டைப் பார்ட் நம்பரோடு பெட்டியில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். விதி வரும் நாளில் அது அவருக்குத் தேவைப்படும்.