சிக்னலுக்கு மார்க் போடும் மூடநம்பிக்கை

புதிய அடுக்குமாடி வரப்போகிறது என்று பலகை நட்டால் போதும், அக்கம்பக்கத்தார் பேச்சு முழுக்கத் தெருமுனைச் சிக்னலைப் பற்றித்தான். “இப்பவே ரெண்டு தடவை சிவப்பு விழுந்தாத்தான் தாண்ட முடியுது. இன்னும் இருநூறு வீடு வந்தா என்ன ஆகும்?” பில்டரும் சளைத்தவர் இல்லை, போக்குவரத்து ஆய்வறிக்கை ஒன்றை எடுத்து நீட்டுவார். சண்டை எவ்வளவு முற்றினாலும் ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒன்று: ஒரு குடியிருப்பால் வரும் போக்குவரத்துக் கேட்டை, பக்கத்துச் சந்திப்பில் கூடும் காத்திருப்பு நொடிகளைக் கொண்டு அளந்துவிடலாம் என்று இருவருமே நம்புகிறார்கள்.

இது தவறான நம்பிக்கை. நெரிசலை ஊட்டி வளர்க்கும் தவறு.

இந்த அளவுகோல் அமெரிக்காவில் பிறந்தது. 1965இல் வெளியான நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு, சாலைகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்தது. இன்றைய கணக்கில், சிக்னலில் ஒரு வண்டிக்குச் சராசரியாக 10 நொடிக்குள் தாமதம் என்றால் ஏ. 80 நொடியைத் தாண்டினால் எஃப். ஆய்வாளர் பீக் ஹவரில் வண்டிகளை எண்ணுவார். வரப்போகும் வீடுகளின் வண்டிகளை அதன்மேல் ஏற்றுவார். தரம் இறங்கினால், திரும்பும் வண்டிகளுக்கு இன்னொரு தடம் என்று பரிகாரம் எழுதுவார். சாலையைக் கடக்க நிற்கும் பாட்டியின் நொடிகள் அந்தத் தரத்தில் சேராது. ஐம்பது பேர் ஏறிய பேருந்தும் ஒற்றை ஆள் காரும் அதற்கு ஒன்றுதான்.

சரி, வரப்போகும் வண்டிகளின் எண்ணிக்கை எப்படித் தெரியும்? அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கம் வெளியிடும் இன்னொரு கையேடு சொல்லும். அதன் 2021 பதிப்பின்படி ஒரு தனி வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 9.4 பயணங்கள். தசமப் புள்ளியைக் கண்டால் தானாக மரியாதை வந்துவிடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2003இல் எழுதிய கட்டுரையில் அந்த மரியாதையைப் போட்டு உடைத்தார். துரித உணவகத்துக்கு 1987 பதிப்பு தந்த எண், ஆயிரம் சதுர அடிக்கு 632.125 பயணம். மூன்றாம் தசமம் வரை! விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகளில் எடுத்த கணக்கு அது. கடையின் பரப்புக்கும் வந்த வண்டிகளுக்கும் இடையே தொடர்பே ஏறக்குறைய இல்லை என்பதை அதே பக்கத்தில் இருந்த வரைபடமே காட்டியது.

வீடுகளிலோ பிழை ஒரு பக்கமாகவே சாய்கிறது. கையேட்டின் பழைய அளவீடுகளில் பெரும்பாலானவை, பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டிய புறநகர்களில் எடுத்தவை. ரயில் நிலையங்களை ஒட்டிய 17 குடியிருப்புகளில் வண்டிகளை நேரில் எண்ணிய ஆய்வு 2008இல் வெளியானது. கையேடு சொன்னதைவிட 44 சதவீதம் குறைவாகவே வண்டிகள் ஓடின.

எண்களைத் திருத்திவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. கேள்வியே கோணல். நகர நடுவில் ஒரு சந்திப்பு ஏற்கெனவே 75 நொடியில் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நூறு வீடு கட்டினால் தரம் எஃப், கட்டுபவர் குற்றவாளி. அதே நூறு வீட்டை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வயல்காட்டில் கட்டினால், அங்குள்ள சிக்னல் காற்று வாங்குகிறது. தரம் ஏ, அனுமதி தயார். அந்த நூறு குடும்பமும் தினமும் காலையில் கார் ஏறி வந்து நிற்பது என்னவோ அந்த நகர நடுச் சந்திப்பில்தான். ஆய்வின் எல்லை அவ்வளவு தூரம் நீளாது என்பதால் அந்தக் கிலோமீட்டர்கள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்தக் கோணல் எதுவரை போகும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ சாட்சி. நகரின் சைக்கிள் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்று 2006இல் நீதிமன்றம் தடை போட்டது. சைக்கிளுக்குத் தடம் ஒதுக்கினால் கார்கள் தாமதமாகும். தாமதம் என்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு என்பதே அன்றைய கணக்கு. முழுத் தடையும் நீங்க 2010 ஆனது. புகையே விடாத வாகனத்துக்கு இந்தப் பாடு.

இந்தக் கணக்கை மாற்ற 2013இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும், சந்திப்பில் கார்களுக்கு ஏற்படும் தாமதம் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கருதப்படுவதில்லை. ஒரு திட்டத்தால் மக்கள் மொத்தம் எவ்வளவு தூரம் வண்டி ஓட்ட நேரும் என்பதே இப்போது கேள்வி. பழைய தரக்கணக்கைத் தங்கள் உள்ளூர் விதிகளில் விடாமல் பிடித்திருக்கும் நகராட்சிகள் அங்கே இன்னும் உண்டு.

அக்கம்பக்கத்தார் புகார் எல்லாமே வீண் என்பதல்ல. வளைவை ஒட்டிக் கேட் வைப்பதும், பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வண்டிகளைத் திருப்பிவிடுவதும் உண்மையான ஆபத்துகள். அவற்றை ஆராய்ந்தே ஆக வேண்டும். நொடிக்கணக்கு அவற்றைக் காட்டாது. கூடுதல் தடம் போட்டால், பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரம்தான் கூடும்.

நமக்கும் இதில் பங்குண்டு. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1990இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியிலும் அதே ஏ முதல் எஃப் வரைதான். வீடு முதலில், போக்குவரத்து பிறகு என்பதும் இங்கே உண்டு: சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிகள் முதலில் எழுந்தன. சிறுசேரி வரையிலான மெட்ரோவுக்குத் தூண் நட்டது அதற்குப் பிறகுதான். அடுத்த முறை உங்கள் தெருவில் பலகை நட்டால் சிக்னல் நொடிகளை விட்டுவிடுங்கள். பேருந்து நிறுத்தம் எத்தனை அடியில் இருக்கிறது, வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்தம் கட்டுகிறார்கள், அங்கே குடிவருபவர் வேலைக்கு எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும் என்று பில்டரைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.