பலகாரம் செய்வது யார்?

திருக்கார்த்திகை மாலை. மணி ஆறு.

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. தமிழ்நாடு எங்கும் வீடுகளில் அகல் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. வாசலில் விளக்கு. மாடிப்படியில் விளக்கு. கிணற்றடியிலும் ஒரு விளக்கு.

கூடத்தில் ஒரே சிரிப்பு. அத்தை வந்திருக்கிறார். மாமா வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தாம்பாளம். தாம்பாளம் நிறையப் பொரி உருண்டை.

"ஆகா! இதுவல்லவா பொரி உருண்டை! கடையில் வாங்கினால் இந்த ருசி வருமா?" என்கிறார் மாமா.

எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். எல்லோர் வாயும் நிறைந்து இருக்கிறது.

ஒரே ஒருவர் மட்டும் அந்தக் கூடத்தில் இல்லை. அவர்தான் அந்த உருண்டையைப் பிடித்தவர்!

அவர் அடுப்படியில் நிற்கிறார். கல்லில் அடை வேகிறது. கழுவ வேண்டிய பாத்திரம் குவிந்து கிடக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர், இன்னும் உட்காரவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. ஊரில் பாதி வீடுகளின் கதை.

வீட்டுப் பலகாரம் நல்லதுதான்

வீட்டில் செய்யும் பலகாரத்தைப் புகழாதவர் இல்லை. புகழ்வதில் தவறும் இல்லை.

எண்ணெய் நல்ல எண்ணெய் என்று தெரியும். வெல்லத்தில் மண் இருந்தால் வடிகட்டலாம். சர்க்கரை வியாதி உள்ள தாத்தாவுக்கு இனிப்பு இல்லாமல் தனியே நாலு அடை வார்க்கலாம். கடையில் ஒரு கிலோ வாங்கும் காசில், வீட்டில் தெருவுக்கே கொடுக்கும் அளவு பொரி உருண்டை பிடிக்கலாம்.

எல்லாம் சரி. ஆனால், செய்வது யார்?

"அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேதான் செய்தார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல்" என்று சிலர் சொல்வது உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பல வீடுகள் கூட்டுக் குடும்பங்கள். பாட்டி மாவு சலிப்பார். பெரியம்மா பாகு காய்ச்சுவார். சித்தி தேங்காய் துருவுவார். அத்தை உருண்டை பிடிப்பார். எட்டுக் கை, பத்துக் கை சேர்ந்து செய்த வேலை அது.

இன்று வீட்டில் நாலு பேர். கை சுருங்கிவிட்டது. பலகாரப் பட்டியல் மட்டும் சுருங்கவில்லை! பத்துக் கை செய்த வேலை இரண்டு கைக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு கையும் அம்மாவின் கை.

அந்த அம்மா வேலைக்கும் போகிறவராக இருந்தால், கேட்கவே வேண்டாம்.

ஒரு நிமிடம்தான் குறைந்தது!

இது வெறும் பேச்சு அல்ல. கணக்கும் இருக்கிறது.

நாட்டு மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் 2019-ம் ஆண்டு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம்! ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்.

அதுவும் வேலை செய்த ஆண்களின் கணக்குத்தான். 100 ஆண்களில் 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்திருந்தார்கள். பெண்களில் 100-க்கு 81 பேர்.

2024-ம் ஆண்டு மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம்.

கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும். 2019-ல் இடைவெளி 202 நிமிடம். 2024-ல் இடைவெளி 201 நிமிடம். ஐந்து ஆண்டில் குறைந்தது ஒரே ஒரு நிமிடம்!

இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை நாளில் எப்படி இருக்கும் என்பது அவரவர் அடுப்படியைப் பார்த்தாலே தெரியும்.

பாகு காத்திருக்காது

இதற்கு வழி என்ன? வீட்டுப் பலகாரத்தை விட்டுவிடுவதா?

வேண்டாம். வழியைக் கார்த்திகைப் பண்டிகையே சொல்லிக் கொடுக்கிறது. அந்த நாளின் பலகாரங்கள், ஒரு கையால் செய்யும் பலகாரங்கள் அல்ல.

பொரி உருண்டையை எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து கப் பொரிக்கு ஒரு கப் வெல்லம். வெல்லத்தில் கால் கப் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் வைக்க வேண்டும். பாகு கொதித்து வரும்போது, ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட வேண்டும். அதை உருட்டித் தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். ஏலக்காய், சுக்குப் பொடி, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்துப் பொரியில் கொட்டிக் கிளற வேண்டும்.

இனிமேல்தான் அவசரம். பாகு யாருக்காகவும் காத்திருக்காது. சில நிமிடத்தில் இறுகிவிடும். இறுகினால் பொரி உதிரும், உருண்டை வராது. தனி ஆளாகப் பிடித்தால், பத்து உருண்டை முடிவதற்குள் மிச்சம் கல்லாகிவிடும்.

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, கையில் கொஞ்சம் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடித்தால், கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். சூடு கொஞ்சம் தணிந்ததும் சிறு பிள்ளைகளும் பிடிக்கலாம். ஒன்று பெரிதாக இருக்கும். ஒன்று கோணலாக இருக்கும். அந்தக் கோணல் உருண்டைதான் முதலில் தீரும்!

ஓலைக்குள் ஒரு பலகாரம்

தென் மாவட்டங்களில் கார்த்திகை என்றால் ஓலைக் கொழுக்கட்டை. தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பக்கம் போனால், கார்த்திகைக்கு முன்பே சந்தையில் பனங்குருத்து ஓலை விற்பனைக்கு வந்துவிடும். பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். அது கொடுக்கும் கருப்பட்டியும் ஓலையும் சேர்ந்தால் இந்தக் கொழுக்கட்டை.

இரண்டு கப் வறுத்த அரிசி மாவு. ஒன்றரைக் கப் பொடித்த கருப்பட்டி. ஒரு கப் தேங்காய்த் துருவல். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சூடாக மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஏலக்காயும் சுக்கும் மணத்துக்கு.

ஓலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, துடைத்து, உள்ளே மாவை அடைக்க வேண்டும். மேலே ஓலையால் மூடி, ஓலை நாரினாலேயே கட்ட வேண்டும். இட்லிப் பானையில் வைத்து 20 நிமிடத்துக்குக் குறையாமல் வேக வைத்தால், தெரு முழுவதும் ஓலை வாசம் வீசும்.

இதில் எத்தனை வேலை இருக்கிறது, பாருங்கள்! ஓலை வாங்கி வர ஒருவர். நறுக்க ஒருவர். துடைக்க ஒருவர். மாவு பிசைய ஒருவர். அடைக்க ஒருவர். கட்ட ஒருவர். இதில் எந்த வேலைக்கும் பெரிய சமையல் ஞானம் தேவை இல்லை. ஓலை கட்டத் தெரியாத அப்பா உண்டா?

பனை ஓலை கிடைக்காத ஊரில், வாழை இலையில் மடித்து வேக வைக்கலாம். வாசம் வேறு. ருசிக்குக் குறைவு இல்லை.

பிள்ளைகளின் வாணவேடிக்கை

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கார்த்திகை என்றால் பிள்ளைகளுக்கு மாவலி. காசு கொடுத்து வாங்காத வாணவேடிக்கை அது!

ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் போட்டுக் கொளுத்தி, மூடி, கரியாக்குவார்கள். கரியை இடித்துப் பொடியாக்கி, பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பிளந்த பனைமட்டைக் குச்சிகளின் நடுவே அந்தப் பொட்டலத்தை வைத்து இறுக்கி, நீளக் கயிறு கட்டுவார்கள். ஒரு முனையில் நெருப்பு வைத்துச் சுற்றினால், பொன் பொறி வட்ட வட்டமாகப் பறக்கும்.

இது நெருப்பு வேலை. பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். பக்கத்தில் கூரை வீடும் வைக்கோல் போரும் இருக்கக் கூடாது. பருத்தி உடை உடுத்த வேண்டும். ஒரு வாளி தண்ணீர் தயாராக இருக்க வேண்டும்.

அம்மா அடுப்படியில் நிற்கிறார். அப்படியானால் அருகில் நிற்க வேண்டிய அந்தப் பெரியவர் யார்? அப்பாதான்!

விருந்தாளியைச் சீக்கிரம் அழைக்கலாம்

விருந்தாளி எப்போது வருகிறார்? எல்லாம் முடிந்த பிறகு, ஏழு மணிக்கு. வந்து உட்கார்ந்ததும் தொலைக்காட்சியைப் போடுகிறார்கள். தட்டு வருகிறது. தின்கிறார்கள். கைபேசியைப் பார்க்கிறார்கள். போகிறார்கள். பேச்சு என்ன நடந்தது? ஒன்றும் இல்லை.

அதே விருந்தாளியை நாலு மணிக்கு அழைத்தால்?

ஓலை கட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசலாம். திரி உருட்டிக்கொண்டே பாட்டுப் பாடலாம். அகல் விளக்கைப் பிள்ளைகள் துடைத்து வரிசையாக வைப்பார்கள். எண்ணெய் ஊற்றுவதில் அவர்களுக்குள் ஒரு சண்டையும் வரும்! ஆறு மணிக்கு எல்லோரும் சேர்ந்து விளக்கு ஏற்றலாம். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

"வந்தவரிடம் வேலை வாங்குவதா? மரியாதை இல்லையே!" என்று சிலர் கேட்கலாம்.

வந்தவர் கூடத்தில் சாய்ந்திருக்க, அழைத்தவர் அடுப்படியில் வியர்ப்பதுதான் மரியாதையா? கூட உட்கார்ந்து நாலு ஓலை கட்டியவர், அந்த வீட்டுக்கு விருந்தாளி அல்ல. சொந்தக்காரர்.

"ஆணுக்குச் சமையல் வருமா?"

இது இன்னொரு கேள்வி. பதில் சுலபம்.

கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் யார்? பெரும்பாலும் ஆண். மிட்டாய்க் கடையில் லட்டுப் பிடிப்பவர் யார்? ஆண். அல்வாக் கடையில் பெரிய சட்டியில் துடுப்புப் போட்டுக் கிண்டுபவர் யார்? ஆண்.

கூலி கொடுத்தால் ஆணுக்குச் சமையல் வருகிறது. வீட்டில் மட்டும் வருவதில்லை! இது கை தெரியாத குறை அல்ல. மனம் இல்லாத குறை.

மகனுக்குப் பத்து வயதில் பாகுப் பதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால், முப்பது வயதில் அவன் மனைவி தனியாக அடுப்படியில் நிற்க மாட்டாள். மகளை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிடுவதும், மகனை "நீ போய் விளையாடு" என்று அனுப்புவதும் அம்மாக்களே செய்கிற தவறு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று முடிவு

பண்டிகைக்கு முன்பே வீட்டில் மூன்று முடிவு எடுத்தால் போதும்.

ஒன்று: பலகாரத்தைக் குறைக்க வேண்டும். ஏழு வகை வேண்டாம். இரண்டு வகை போதும்.

இரண்டு: வேலையைப் பேர் சொல்லிப் பிரிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் வேலையையும் சேர்த்துத்தான்! "எல்லோரும் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மூன்று: கை கொடுக்க ஆள் இல்லை என்றால், கூசாமல் கடையில் வாங்க வேண்டும். அது குற்றம் அல்ல. உடம்பு முடியாத அம்மாவை வதைத்துச் செய்த உருண்டையைவிட, கடையில் வாங்கிய உருண்டை எவ்வளவோ மேல்.

வீட்டுப் பலகாரம் என்றால் அதை வீடு செய்ய வேண்டும். ஒருவர் செய்து மற்றவர் தின்றால், அது ஓட்டல் பலகாரம். என்ன வித்தியாசம்? ஓட்டலில் காசாவது கொடுப்பார்கள்!

அடுத்த கார்த்திகைக்கு விளக்கு ஏற்றியதும் கூடத்தை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்களா? உருண்டை பிடித்தவரும் இருக்கிறாரா?

இருந்தால், முதல் உருண்டை அவருக்கு.

இல்லை என்றால், ஒருவரும் வாயில் வைக்காமல், முதலில் அடுப்படிக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும்.