திண்ணை போதாது, கதவு திறக்க வேண்டும்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் டோர்டோய் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கடைகளாக்கிய அந்தச் சந்தையின் பெயரைத் தாங்கிய டோர்டோய்-டைனமோ கால்பந்து அணி, 2005 முதல் 2010 வரை இடைவிடாமல் ஆறு ஆண்டுகள் ஒரே கோப்பையின் இறுதியாட்டத்தில் ஆடியது. இரண்டு முறை வென்றது, நான்கு முறை தோற்றது. ஆசியாவில் கால்பந்து இன்னும் வேரூன்றாத நாடுகளின் கிளப்புகளுக்கென்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய ஏ.எஃப்.சி. பிரசிடென்ட்ஸ் கோப்பை அது. ஆறு இறுதியாட்டங்கள் எந்த அணிக்கும் பெருமைதான். ஆனால் கோப்பையை வென்ற அணி மறு ஆண்டும் அதே கோப்பைக்கே திரும்பி வந்தது என்பதில்தான் சிக்கல். வழிப்போக்கனுக்குத் திண்ணையில் இடம் கொடுப்பது நல்ல மனசு. ஆண்டுக்கணக்காக வந்து போகிறவனையும் திண்ணையோடு நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும். இதே போன்ற நாடுகளுக்கு வாய்ப்பளிக்கும் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் லீக் 2024-ல் தொடங்கியிருப்பதால், பழைய கோப்பையின் கணக்கை இப்போது எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அந்தக் கோப்பை வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 2000-ல் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் குவைத் 20-0 என்று பூடானை வென்றது. அதே ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஈரான் 19-0 என்று குவாமை வென்றது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் தோற்றவர் கற்க ஒன்றுமில்லை, வென்றவருக்கும் லாபமில்லை. முகமது பின் ஹம்மாம் தலைவராக இருந்தபோது ஆசியக் கூட்டமைப்பு தன் உறுப்பு நாடுகளை முதிர்ந்தவை, வளர்பவை, எழுந்துவருபவை என மூன்றாகப் பிரித்தது. முதல் வகைக்குச் சாம்பியன்ஸ் லீக், இரண்டாம் வகைக்கு 2004-ல் தொடங்கிய ஏ.எஃப்.சி. கோப்பை, மூன்றாம் வகைக்கு 2005-ல் காத்மாண்டுவில் தொடங்கிய பிரசிடென்ட்ஸ் கோப்பை. தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான், நேபாளம், பூடான், இலங்கை, பாகிஸ்தான், கம்போடியா, சீன தைபே (தைவான்) ஆகிய நாடுகளின் லீக் சாம்பியன்கள் அதில் ஆடினர். இந்தியா அப்போது ஒரு படி மேலே, வளரும் நாடுகளின் வரிசையில் இருந்தது. சமபலம் உள்ளவர்கள் தங்களுக்குள் மோதி முன்னேறட்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. தகுதியை ஆட்டத்தின் முடிவால் அளக்காமல் நாட்டின் மேல் ஒட்டிய முத்திரையால் அளந்ததுதான் தவறு.

பத்து இறுதியாட்டங்களின் பட்டியலே அதைக் காட்டும். தஜிகிஸ்தானின் துர்சுன்சோதா நகரில் இருக்கும் அலுமினிய ஆலையின் பெயரைக் கொண்ட ரெகார்-தடாஸ் அணி 2005, 2008, 2009 என மூன்று முறை வென்றது. டோர்டோய் 2006-லும் 2007-லும் வென்றது. பின்னர் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் 2012-லும், துர்க்மெனிஸ்தானின் பல்கான் 2013-லும், அதே நாட்டின் எச்.டி.டி.யு. 2014-லும் கோப்பையைத் தூக்கின. பத்தில் எட்டு கோப்பைகள் மத்திய ஆசியாவின் மூன்று நாடுகளுக்கே போயின. விதிவிலக்குகள் இரண்டு: 2010-ல் மியான்மரின் யதனார்பொன், 2011-ல் சீன தைபேயின் தைபவர். ஒரே பகுதி இப்படி ஆதிக்கம் செலுத்துகிறது என்றால் அந்த அணிகள் அந்தப் படியைத் தாண்டிவிட்டன என்றுதான் பொருள். இருந்தும் கோப்பையை வென்ற அணிக்கு ஏ.எஃப்.சி. கோப்பையில் தானாக ஓர் இடம் கிடைக்கவில்லை. நாட்டின் வகையைக் கூட்டமைப்பு மாற்றினால்தான் கதவு திறக்கும். ரெகாரும் டோர்டோயும் திரும்பத் திரும்ப ஒருவரையொருவர் எதிர்கொண்டதற்கு இதுவே காரணம்.

2014-ல் கொழும்பு சுகததாச அரங்கில் வட கொரியாவின் ரிம்யோங்சுவை எச்.டி.டி.யு. 2-1 என்று வென்றதோடு அந்தக் கோப்பை முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு முதல் அந்த அடுக்கின் எல்லா நாடுகளின் கிளப்புகளும் ஏ.எஃப்.சி. கோப்பைக்குள் போக வழி பிறந்தது. விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2015-லேயே இஸ்திக்லோல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்து, துஷான்பேயில் மலேசியாவின் ஜோகூர் தாருல் தாசிமிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. 2017-லும் அதே அணி இறுதிக்கு வந்தது. 2018-ல் துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிர், பெங்களூரு எஃப்.சி.யை வீழ்த்தி அந்தக் கோப்பையின் இறுதிவரை சென்றது. 2021-ல் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய இஸ்திக்லோல், சவுதியின் அல்-ஹிலாலை 4-1 என்று வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. தேசிய அணிகளும் கூடவே ஏறின. கிர்கிஸ்தான் 2019 ஆசியக் கோப்பையில் முதன்முறையாக ஆடி நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. தஜிகிஸ்தான் 2024 தொடக்கத்தில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் அறிமுகமாகிக் காலிறுதியை எட்டியது. அதே போட்டியில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே ஓர் அணி இறுதிக்கு வருகிறது என்றால் அதன் திறமை அந்தச் சில ஆண்டுகளில் முளைத்ததல்ல. முன்பே இருந்த திறமையைச் சுவர் மறைத்திருந்தது.

அப்படியானால் மூன்றாம் அடுக்கே வேண்டாமே, எல்லோரையும் ஒரே பந்தலின் கீழ் ஆட விடலாமே என்று ஒருவர் கேட்கலாம். 2015-க்குப் பிறகு அதுவும் நடந்து பார்த்தாயிற்று. வலுவானவர்கள் உள்ளே போனார்கள், பலவீனமானவர்கள் வாசலிலேயே உதிர்ந்தார்கள். இலங்கையின் ப்ளூ ஸ்டார் அணி 2022-ல் நேபாளத்தின் மச்சிந்திராவை ஏ.எஃப்.சி. கோப்பைத் தகுதிச்சுற்றில் வென்றது. அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. இரண்டே ஆட்டங்களில் அதன் ஆசியப் பயணம் முடிந்தது. இப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் அணியின் பயிற்சியாளர் எதைத் திருத்துவார்? ஆகவே சிறிய நாடுகளுக்குத் தனி மேடை தேவைதான். பழைய கோப்பையிலிருந்து மேலே போகக் கதவு இல்லை. அதன் பிறகு வந்த ஏற்பாட்டில் கற்றுக்கொள்ள மேடை இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பயன்.

சேலஞ்ச் லீக் அந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. எந்த நாட்டுக்கு எந்தப் போட்டியில் எத்தனை இடம் என்பதை இப்போது கிளப்புகள் ஆசிய ஆட்டங்களில் ஈட்டிய புள்ளிகள் தீர்மானிக்கின்றன. அதனால்தான் 1982 உலகக் கோப்பையில் ஆடிய குவைத்தின் கிளப்பும் பூடானின் கிளப்பும் ஒரே அடுக்கில் வந்து நிற்கின்றன. சாம்பியனுக்கு அடுத்த பருவத்தில் மேலடுக்கான சாம்பியன்ஸ் லீக் டூவில் ஆட வழி இருக்கிறது. பூடானின் பாரோ எஃப்.சி. 2024-ல் தன் நாட்டிலேயே, திம்புவில், பிரிவு ஆட்டங்களை ஆடி ஈஸ்ட் பெங்காலோடு 2-2 என்று சமன் செய்தது. இருபது கோல் வாங்கிய நாட்டின் கிளப் நூறாண்டு கடந்த கொல்கத்தா அணியைத் தடுத்து நிறுத்துகிறது என்றால் இந்த மேடைக்குப் பொருள் இருக்கிறது.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. மத்திய ஆசியாவின் எழுச்சிக்குக் கோப்பையா காரணம், அதிகாரமும் பணமும்தானே என்பது அது. இஸ்திக்லோல், தஜிகிஸ்தான் அதிபர் எமோமாலி ரஹ்மோனின் மகன் ருஸ்தம் எமோமாலி தொடக்க ஆண்டுகளில் ஆடிய அணி. அவரே பின்னர் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 2024-25 சேலஞ்ச் லீக்கை வென்ற துர்க்மெனிஸ்தானின் அர்க்கதாக், 2023-ல் உருவான அணி. முன்னாள் அதிபர் குர்பங்குலி பெர்திமுகமதோவின் பட்டப்பெயரைச் சூடிய புதிய நகரத்தின் கிளப் அது. முதல் பருவத்திலேயே உள்ளூர் லீக்கில் எல்லா ஆட்டங்களையும் வென்றது. ஒரு நாட்டின் நல்ல வீரர்களையெல்லாம் ஒரே சட்டைக்குள் திணித்தால் கோப்பை வரும், லீக் செத்துப்போகும். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. கிர்கிஸ்தான் தேசிய அணியின் உயர்விலும் ஜெர்மனியில் வளர்ந்த வீரர்களின் பங்கு உண்டு. ஆனால் பணம் இருந்த காலத்திலும் கதவு சாத்தியிருந்தவரை அந்த அணிகளால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணம் வீரரைக் கொண்டுவரும். அவர் எங்கே நிற்கிறார் என்பதை வலுவான எதிரணிதான் காட்டும்.

பணத்தை மட்டும் காரணம் சொன்னால் தெற்காசியாவின் தேக்கம் விளங்காமல் போய்விடும். பத்து இறுதியாட்டங்களில் தெற்காசிய அணிகள் வந்தது இரண்டே முறை: 2007-ல் நேபாளத்தின் மகேந்திரா போலீஸ் கிளப், 2013-ல் பாகிஸ்தானின் கே.ஆர்.எல். ஒன்று காவல்துறையின் அணி, மற்றது கான் ஆராய்ச்சிக் கூடம் என்ற அணு ஆய்வு நிறுவனத்தின் அணி. இலங்கையிலும் ராணுவமும் விமானப்படையும் லீக் சாம்பியன்களாக இருந்திருக்கின்றன. அரசுத் துறை அணியில் வீரருக்குச் சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் அந்த அணிக்கு ஊர் இல்லை, டிக்கெட் வாங்கி வரும் ரசிகர் இல்லை, வளரும் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. மியான்மரிலும் முன்பு அமைச்சக அணிகள்தான் ஆதிக்கம் செலுத்தின. 2009-ல் ஊர்களை அடிப்படையாகக் கொண்ட மியான்மர் நேஷனல் லீக் தொடங்கியது. அடுத்த ஆண்டே மாண்டலேயின் யதனார்பொன், யாங்கோனில் டோர்டோயை வென்று கோப்பையைப் பெற்றது. மின்வாரிய அணியான தைபவரும் வென்றதே என்று கேட்பது சரிதான். அந்த அணி சொந்த ஊரான காவ்சியுங்கில் ஒரு கோப்பையை வென்றது. அதன் பிறகு தைவான் கிளப்புகள் ஆசிய அரங்கில் பெரிதாக மேலே போகவில்லை. நிறுவன அணி ஒரு கோப்பையை வெல்லலாம், ஒரு நாட்டின் கால்பந்தை மேலே கொண்டுவர லீக் வேண்டும்.

அந்த லீக்தான் நம் பகுதியில் நிலையில்லாதது. நேபாளத்தில் ஏ டிவிஷன் லீக் 2014-க்குப் பின் சில ஆண்டுகள் நடக்கவே இல்லை. பாகிஸ்தானில் பிரீமியர் லீக் 2018-19-க்குப் பிறகு முழுமையாக நடக்கவில்லை. அந்நாட்டுச் சங்கத்தை ஃபிஃபா ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடைநீக்கம் செய்தது. இலங்கைச் சங்கமும் 2023-ல் சில மாதங்கள் இடைநீக்கத்தில் இருந்தது. இந்தியாவிலேயே 2025-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் கிளப்புகள் காத்திருந்தன. ஆண்டு முழுக்க உள்ளூரில் ஆடாத அணியை வருடத்துக்கு மூன்று நான்கு வெளிநாட்டு ஆட்டங்களால் செப்பனிட முடியாது. எனவே சேலஞ்ச் லீக்கில் ஓர் இடத்தைப் பெற, குறைந்த அளவு ஆட்டங்கள் கொண்ட லீக்கை முழுமையாக நடத்தி முடித்திருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக்க வேண்டும். நிர்வாகம் செய்த பிழைக்கு வீரர்களைத் தண்டிப்பதா என்று கேட்பார்கள். அதனால்தான் தடையை விட நிதியைக் கருவியாக்க வேண்டும் என்கிறேன். கூட்டமைப்பு தரும் உதவித்தொகையின் பெரும்பகுதி லீக் நடந்து முடிந்த பின்பே சங்கத்தின் கைக்குப் போகட்டும். பங்கேற்கும் கிளப்பின் பயணச் செலவு மட்டும் நேரடியாகக் கிளப்புக்கே போகட்டும்.

செலவு இன்னொரு தடை. ஆசியா பரந்த கண்டம். பெய்ரூட்டிலிருந்து திம்புவுக்கு அணியை அனுப்புவது எளிதல்ல. பிரிவு ஆட்டங்களை ஒரே இடத்தில் வைப்பது சிக்கனம் என்பதை ஏற்கலாம். ஆனால் அந்த இடம் ஆண்டுதோறும் மாற வேண்டும், வசதி குறைந்த நாடுகளுக்கும் முறை வர வேண்டும். திம்புவில் நடந்த ஆட்டங்களால் பூடானுக்குக் கிடைத்த பயன், வெளிநாட்டில் ஆடிவிட்டு வந்திருந்தால் கிடைத்திருக்காது. அத்தோடு மேலே போகும் கதவும் அகல வேண்டும். சாம்பியனுக்கு மட்டும் உள்ள வழி இறுதியாட்டத்தில் தோற்ற அணிக்கும் திறக்கட்டும். அப்போதுதான் அர்க்கதாக் போன்ற ஒரு பலசாலி கோப்பையை எடுத்துப்போன ஆண்டிலும், அதனிடம் 2-1 என்று தோற்ற கம்போடியாவின் ஸ்வாய் ரியெங் போன்ற அணி வெறுங்கையோடு திரும்பாது.

இது நமக்குத் தொடர்பில்லாத சின்ன நாடுகளின் கதை என்று இந்திய ரசிகர் நினைத்தால் 2024-25 பருவத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்கால், சாம்பியன்ஸ் லீக் டூ தகுதிச்சுற்றில் கொல்கத்தாவிலேயே அல்டின் அசிரிடம் 3-2 என்று தோற்றது. அதன் பிறகு சேலஞ்ச் லீக்குக்கு இறங்கி, காலிறுதியில் அர்க்கதாக்கிடம் தோற்றது. இரண்டும் துர்க்மெனிஸ்தான் கிளப்புகள். அந்நாட்டின் மக்கள்தொகை சென்னைப் பெருநகரத்தின் மக்கள்தொகையை எட்டாது. பிரசிடென்ட்ஸ் கோப்பையில் ஆடிய காலத்தில் அவர்கள் எழுந்துவரும் நாடு, நாம் வளரும் நாடு. அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் எழுந்துபோன திண்ணையில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம்.