குரூப் ரைடும் கடைசி வண்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பைக் வரிசையாகப் போனால் ஊரில் இரண்டே விதமான கமெண்ட்தான் வரும். "செம கெத்துடா" என்பது ஒன்று. "அப்பன் காசுல பெட்ரோல் போட்டுட்டுச் சுத்துறானுங்க, எங்கயாவது அடிபட்டுத்தான் வருவானுங்க" என்பது இன்னொன்று. முதலாவது காலேஜ் பசங்களுடையது, இரண்டாவது டீக்கடைப் பெருசுகளுடையது. இரண்டு கோஷ்டியும் பார்ப்பது முன்னால் போகிற வண்டியைத்தான். ஆனால் ஒரு குரூப் ரைடு நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது கடைசி வண்டியை!

முதலில் ரூட்டைப் பார்த்துவிடலாம். காஞ்சிபுரத்திலிருந்து ஒருநாள் ரைடு என்றால் கடற்கரைதான் பலருக்கும் முதல் சாய்ஸ். பெரிய காஞ்சிபுரத்தில் கிளம்பி வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக சுமார் 65 கிலோமீட்டர். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை, அப்புறம் கல்பாக்கம், அதைத் தாண்டினால் பாலாறு. காஞ்சிபுரத்தில் பெரும்பாலும் மணலாகவே தெரிகிற அதே பாலாறு வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் முதலியார்குப்பம் போட் ஹவுஸ், கடைசியாகக் கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கிற ஆலம்பரைக் கோட்டை. போய்வர மொத்தம் 230 கிலோமீட்டர் வரும். லிட்டருக்கு 35 கொடுக்கிற வண்டியில் ஏழு லிட்டர் பெட்ரோல். எழுநூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

புல்லட் இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரில் ஆரம்பித்ததுதான் என்ஃபீல்டு இந்தியா. 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு புதுத் தொழிற்சாலைகளைத் திறந்தது. இரண்டுமே காஞ்சிபுரம் மாவட்டம். வண்டி இங்கே தயாராகிறது, ஓட்டுகிற ஆசையும் இங்கே நிறைய இருக்கிறது. ஒழுங்காக ஓட்டுவது எப்படி என்பது மட்டும்தான் எல்லோருக்கும் வந்து சேரவில்லை.

ஏன் இந்த டீக்கடைக் கோபம்? அதற்கும் காரணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் ரேஸ் விட்ட பைக்குகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது என்ற செய்தி பல வருடங்களாகவே வருகிறது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டிசத்திரம் அருகே ஒரு பிரபல யூடியூபர் வீலிங் செய்யப்போய் விழுந்ததையும், அவருடைய லைசென்ஸ் பத்து வருடத்துக்கு ரத்தானதையும் ஊரே பார்த்தது. அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே என்கிறது 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். பெருசுகள் பயப்படுவது சும்மா இல்லை.

ஆனால் ரேஸும் குரூப் ரைடும் ஒன்றில்லை. ரேஸில் பின்னால் இருப்பவனைக் கழற்றிவிட வேண்டும். குரூப் ரைடில் பின்னால் இருப்பவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிட்டால் கிளப் டி-ஷர்ட் போட்டிருந்தாலும் அது ரேஸ்தான்.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வண்டி போகிறது. முன்னால் போகிறவர் நிதானமாக 60-ல்தான் போகிறார். எதிரே வெறும் ரோடு, எனவே முதல் எட்டு வண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்துவிட்டது. மீதி நாலு வண்டிக்கு எதிரே பஸ் வந்துவிட்டது. கடைசி வண்டி லாரியின் பின்னாலேயே ஊர்ந்ததில் 20 செகண்ட் போச்சு என்று வைத்துக்கொள்வோம். 60 வேகத்தில் 20 செகண்ட் என்றால் சுமார் 330 மீட்டர் இடைவெளி. இதைப் பிடிக்க அவன் 80-ல் போனால்கூட ஒரு நிமிஷம் ஆகும். அதாவது 1.3 கிலோமீட்டருக்கு 80-ல் ஓட்ட வேண்டும். லீடர் 60-ஐத் தாண்டவே இல்லை, கடைசியில் வருகிறவன் 80-ல் பறக்கிறான்!

கொடுமை என்னவென்றால், அனுபவம் இல்லாத புதுப் பையனைத்தான் பெரும்பாலும் "நீ பின்னாடி மெதுவா வா" என்று கடைசியில் போடுவார்கள். ஆக, குரூப்பிலேயே ஓட்டத் தெரியாதவன்தான் குரூப்பிலேயே வேகமாக ஓட்டுகிறான். அதுவும் எந்த ரோட்டில்? மீன் கூடையோடு பெண்களும் சைக்கிளில் பிள்ளைகளும் குறுக்கே கடக்கிற குப்பங்களின் நடுவே. அந்தச் சாலை கிளப்புக்காகப் போட்டதில்லை.

நல்ல கிளப்புகள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டன. முன்னால் ஒரு லீடர், அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் ஸ்வீப் என்று ரொம்ப அனுபவசாலி ஒருவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. புதியவர்கள் லீடருக்கு நேர் பின்னால். ஒவ்வொருவரும் கண்ணாடியில் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டால் போதும். அது தெரியவில்லையா, வேகத்தைக் குறைக்க வேண்டும். உடனே அவருக்கு முன்னால் போகிறவரும் குறைப்பார், அவருக்கு முன்னால் இருப்பவரும் குறைப்பார், கடைசியில் லீடரே ஓரம் கட்டுவார். போன் வேண்டாம், கத்த வேண்டாம். பன்னிரண்டு வண்டி என்றால் ஆறாறாகப் பிரித்துவிட்டால் இன்னும் சுலபம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுப் பாடமே இல்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குக் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளுகிறவர் கூடவே வந்தால்தான் சேலை நகரும். அவரை விட்டுவிட்டு வேகம் காட்டினால் கரையும் உடலும் சேராது. தறியில் தெரிந்த இந்த விஷயம் ரோட்டில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

"மெதுவாப் போறதுக்கு எதுக்குடா 350 சிசி?" என்று கேட்பவர்கள் உண்டு. வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கு இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது. மெதுவாகப் போவது போரடிக்கிறது என்றால் தனியாகப் போகலாம், யாரும் கையைப் பிடிக்கவில்லை. குரூப்பில் சேர்ந்துவிட்டால் வேகத்தை முடிவு செய்வது குரூப்பிலேயே மெதுவாக வருகிறவன்தான். இதற்குச் சம்மதம் இல்லாதவர்கள் சேராமல் இருப்பதே நல்லது.

அடுத்த முறை யாராவது "சண்டே ரைடு வர்றியா?" என்று கூப்பிட்டால் எந்த வண்டி, எந்த ஓட்டல், போட்டோ யார் எடுப்பார்கள் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியில் யார் வருவார்கள்? புதுப் பையனை எங்கே விடுவீர்கள்? பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் ஹெல்மெட் உண்டா? பதில் டக்கென்று வந்தால் தாராளமாகக் கிளம்பலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம் மச்சி" என்று வந்தால், கடப்பாக்கத்துக்குப் பஸ்ஸிலேயே போய்விட்டு வரலாம். ஆலம்பரைக் கோட்டை எங்கும் ஓடிவிடாது.